ஆறடித் தொட்டி: பெரிய சிக்லிட் வளர்ப்போர் முதலில் அளக்க வேண்டியது அகலத்தை

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி, அளவு சொல்லிச் செய்து வாங்கிய தொட்டி. இதில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு ஆஸ்கர்களும் ஒரு கிரீன் டெரரும் வாழ்கின்றன. மூன்றும் முழு வளர்ச்சி அடைந்துவிட்டன. பெரிய ஆஸ்கர் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 31 செ.மீ. இருக்கிறது. இவ்வளவு பெரிய மீன்களுக்கு இந்தத் தொட்டி போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போதும். அப்படிப் போதுமானதாக ஆக்கியது இதன் இரண்டடி அகலம். ஆறடி நீளத்துக்கு நான் தரும் மதிப்பு இரண்டாவதுதான்.

தொட்டி வாங்கப் போகிறவர் முதலில் எத்தனை லிட்டர் என்று கேட்கிறார். அடுத்து எத்தனை அடி நீளம் என்று கேட்கிறார். முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கேட்பவரைக் காண்பது அரிது. சுவரோரம் வைக்கும் பொருள் ஆயிற்றே, அகலம் குறைந்தால் அறையில் நடமாட இடம் கிடைக்கும் என்பது வீட்டாரின் கணக்கு. மீனின் கணக்கு வேறு. ஆஸ்கர், ரெட் டெவில், ஜாகுவார் போன்றவை உயர்ந்து தடித்த உடல் கொண்டவை. விலாங்கைப்போல் அவற்றால் உடலைச் சுருட்டித் திரும்ப முடியாது. உடல் வளைவதற்கும் வால் வீசுவதற்கும் இடம் வேண்டும். அந்த இடம் கிடைக்காத தொட்டியில் மீன் திரும்பும்போது முதலில் நின்றுவிடும், மார்புத் துடுப்பால் சற்றுப் பின்வாங்கும், பிறகு மூக்கோ வாலோ கண்ணாடியில் உரச மெல்ல முகத்தைத் திருப்பும். அகலமான தொட்டியில் அதே மீன் வேகத்தைக் குறைக்காமலே வட்டமடித்துத் திரும்புகிறது. இந்த வேறுபாட்டை ஒரு முறை பார்த்தவர் குறுகிய தொட்டியில் பெரிய மீனை விட மனம் வராமல் போவார்.

ஆஸ்கருக்குக் குறைந்தபட்சம் 55 கேலன் வேண்டும் என்ற அறிவுரை உலகெங்கும் வழங்கிவருகிறது. அமெரிக்கச் சந்தையில் 55 கேலன் என்று விற்கப்படும் வழக்கமான தொட்டியின் அளவைப் பாருங்கள்: 48 அங்குல நீளம், 13 அங்குல அகலம், 21 அங்குல உயரம். பதின்மூன்று அங்குலம் என்றால் 33 செ.மீ. கண்ணாடியின் தடிமனைக் கழித்தால் அதற்கும் குறைவு. என் பெரிய ஆஸ்கரை அதில் குறுக்காக நிறுத்தினால் மூக்கு ஒரு கண்ணாடியையும் வால் மறு கண்ணாடியையும் கிட்டத்தட்டத் தொடும். ஆனால் 208 லிட்டர் என்ற எண்ணைக் கேட்டால் பெரிய தொட்டியாகத்தான் தோன்றுகிறது. லிட்டர் கணக்கை மட்டும் நம்பி வாங்குவதன் ஆபத்து இதுதான். நீரின் அளவு மீனின் கழிவைக் கரைக்க உதவும். நீந்துவதற்கான இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் எளியது. வளர்ந்த மீனின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்கு இருந்தால் மனநிறைவு. நீளம், தனி மீனுக்கு நான்கு மடங்கு. ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய மீன்களுக்கு ஆறு மடங்கு. உயரம் அகலத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. 30 செ.மீ. மீனுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் தனி மீனுக்கு 120-க்கு 45 செ.மீ., கூட்டாக வளர்க்க 180-க்கு 60 செ.மீ. என்று வரும். பின்னது அப்படியே என் தொட்டியின் அளவு.

வளர்ந்த மீனின் நீளம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் ஆஸ்கர் ஐந்து செ.மீ. குட்டியாக, கறுப்பு வெள்ளைக் கோலங்களோடு விற்பனைக்கு இருக்கிறது. நன்றாகத் தீனி போட்டு, நீரையும் மாற்றிவந்தால் முதல் சில மாதங்களில் மாதத்துக்கு இரண்டரை செ.மீ. வரை வளர்ந்துவிடும். ஓராண்டில் 20 செ.மீ.-ஐத் தாண்டுவது சாதாரணம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய மீன் அது. ஆக, ஒரு குட்டிக்குத் தொட்டி தேடும்போது அதன் வாழ்நாளில் முதல் சில மாதங்களுக்கா, மீதிப் பத்தாண்டுக்கும் மேலான காலத்துக்கா, எதற்காக வாங்குகிறோம் என்று தெளிய வேண்டும். தொட்டிக்கு ஏற்றபடிதான் மீன் வளரும், சிறிய தொட்டியில் விட்டால் சிறியதாகவே இருந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சிறிய தொட்டியில் கழிவு சேர்ந்து நீர் கெடும்போது வளர்ச்சி குன்றுவது உண்மை. அது நோயின் அறிகுறி. கண் பெரிதாகவும் உடல் குறுகியும் தெரியும் அத்தகைய மீனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன் என்ற பழைய சூத்திரத்தையும் இங்கே ஒதுக்கிவிட வேண்டும். மூன்று செ.மீ. மீனும் முப்பது செ.மீ. மீனும் ஒரே உடலமைப்பு கொண்டவை என்று வைத்துக்கொண்டால், நீளம் பத்து மடங்கு. எடையோ ஆயிரம் மடங்கு. சிறு மீன்களுக்கு ஓரளவு பொருந்திய சூத்திரம் இந்த எடைக்கு எப்படிப் பொருந்தும்?

இனத்துக்கு இனம் தேவை மாறுகிறது. ஏஞ்சல் மீனும் சிக்லிட் குடும்பம்தான், ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்தான். ஆகவே சிக்லிட் தொட்டி என்று பொதுவாகக் கேட்டால் பொருளில்லை. ஜாக் டெம்சி 20 முதல் 25 செ.மீ.; தனியாக என்றால் நான்கடிக்கு ஒன்றரையடி போதும். ஃபிளவர்ஹார்ன் கலப்பினம், 30 செ.மீ.வரை வளரும், யாரையும் பக்கத்தில் சேர்க்காது என்பதால் நான்கடிக்கு இரண்டடியில் தனியாக வைப்பதே அதற்கும் மற்ற மீன்களுக்கும் நல்லது. நிகரகுவா ஏரிகளின் மைடாஸும் ரெட் டெவிலும் ஜோடி சேர்ந்துவிட்டால் ஆறடித் தொட்டி முழுவதையும் தம் வீடாக்கிக்கொள்ளும்; மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. டாங்கன்யிக்கா ஏரியின் ஃப்ரண்டோசா 30 செ.மீ.-ஐத் தாண்டும் மீன்தான், ஆனால் நிதானமானது, கூட்டமாக வாழ்வது. ஆறடிக்கு இரண்டடியில் ஒரு சிறு கூட்டம் அமைதியாக இருக்கும். நீரின் தன்மைதான் வேறு: அதற்குக் கடினமான, காரத்தன்மை மிகுந்த நீர் வேண்டும், அமேசான் மீன்களோடு சேர்க்கக் கூடாது. ஜாகுவார் 40 செ.மீ.-ஐத் தொடக்கூடியது, அதற்கு இந்த அகலமே விளிம்பு. ஓநாய் சிக்லிட் எனப்படும் டோவி எழுபது செ.மீ.வரை வளர்வதாகப் பதிவு உண்டு. பீகாக் பாஸ்களும் பெரியவை, வேகமாகப் பாய்ந்து வேட்டையாடுபவை. இந்த இரண்டையும் வீட்டுத் தொட்டிக்காக வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். குளம் வைத்திருப்பவர்கள் வாங்கட்டும்.

அகலத்தின் அருமை சண்டையின்போதுதான் முழுதாகப் புரிந்தது. சிக்லிட்கள் மோதிக்கொள்வதற்கு முன் நெடிய மிரட்டல் ஒன்றை நடத்துகின்றன. இரண்டு மீன்களும் பக்கவாட்டில் இணையாக நின்று, துடுப்புகளை விரித்து, தம் உடலின் முழுப் பரப்பையும் காட்டுகின்றன. பிறகு வாலால் எதிரியை நோக்கி நீரை அடிக்கின்றன. அந்த நீரலையை எதிரியின் பக்கக் கோடு, அதாவது உடலின் பக்கவாட்டில் ஓடி நீரசைவை உணரும் உறுப்பு, வாங்கிக்கொள்கிறது. அடித்தவனின் பலம் அதற்குத் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒருவன் நிறம் மங்கி, துடுப்பை மடித்து விலகிவிடுவான். விலகாவிட்டால்தான் வாயோடு வாய் பற்றி இழுக்கும் கட்டம் வரும். இந்த முழுச் சடங்குக்கும் இரண்டு மீன்கள் பக்கம் பக்கமாக, இடைவெளி விட்டு நிற்க இடம் வேண்டும். 45 செ.மீ. அகலத்தில் இடம் நெருக்கி, இணையாக நிற்க வேண்டியவை முட்டிக்கொண்டு நிற்கின்றன. மிரட்டல் சுருங்கி நேரே கடியில் முடிகிறது. 60 செ.மீ.-இல் என் ஆஸ்கரும் கிரீன் டெரரும் வாலடித்து, சுற்றிவந்து, அளந்து பார்த்து, ஒதுங்கிவிடுகின்றன. செதில் உதிர்வதில்லை. அவை ஒருவரையொருவர் அளக்கும் அந்த நேரத்தில் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதைவிட எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு வேறில்லை.

ஒதுங்குவதற்கும் அகலமே உதவுகிறது. குறுகிய தொட்டியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக வேண்டிய மீன், நடுவில் கோலோச்சும் மீனின் முகத்துக்கு எதிரே போயே ஆக வேண்டும். வேறு வழியே கிடையாது. இரண்டடி அகலத்தில் நடுவே ஒரு பாறைக் குவியலை வைத்தால் முன்பக்கம் ஒரு பாதை, பின்பக்கம் ஒரு பாதை என இரண்டு வழிகள் கிடைக்கின்றன. அஞ்சிய மீன் பின்வழியாகப் போய்விடும். பார்வைக்குத் தப்பினாலே பாதிச் சண்டை அடங்கிவிடுகிறது.

இனி லிட்டர் கணக்கு. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் 24 கன அடி, அதாவது 680 லிட்டர். விற்பவர் சொல்வது அதுதான். வெளி அளவிலிருந்து கண்ணாடித் தடிமனைக் கழித்து, மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் உள்ளே 180.5-க்கு 58.6 செ.மீ., நீர்மட்டம் 54 செ.மீ.; பெருக்கினால் 571 லிட்டர். மணலும் பாறையும் பிடித்த இடம் போக 560 என்று வைத்துக்கொள்ளலாம். நூற்றிருபது லிட்டர் காற்றில் கரைந்துவிட்டது! இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாத் தொட்டிகளிலும் இப்படித்தான். மருந்து அளவோ நீர் மாற்றும் அளவோ கணக்கிடும்போது உண்மையான எண்ணைப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். நான்கடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்ற தொட்டியும் இதேபோல் 255 என்று பெயர் எடுத்து, 210 லிட்டர் நீரைத்தான் பிடிக்கும்.

560, 210 என்ற இந்த இரண்டு எண்களுக்கும் இடையே மீனின் உடல்நலம் எப்படி மாறுகிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். நாளுக்குப் பத்துக் கிராம் தீனி, அதில் 45 சதவீதம் புரதம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 0.72 கிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. மீன் அதன் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஃபில்டரில் வாழும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உள்ளே போனதில் பாதி மட்டுமே நைட்ரேட்டாகச் சேர்கிறது என்று வைத்தால்கூட நாளுக்கு 1.6 கிராம். 560 லிட்டரில் அது வாரத்துக்கு லிட்டருக்கு 20 மி.கி. 210 லிட்டரிலோ 53 மி.கி. வாரந்தோறும் பாதி நீரை மாற்றுபவர் என்றே வைத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் நைட்ரேட் பெரிய தொட்டியில் 40 மி.கி. அருகே நிலைபெறும். சிறிய தொட்டியில் 100-ஐத் தாண்டி நிற்கும். ஆஸ்கர்களின் தலையில் குழிகள் விழும் நோய்க்குக் கெட்ட நீரும் சத்துக் குறைந்த தீனியும் துணைபோகின்றன என்பது வளர்ப்போர் நீண்ட காலமாகக் கண்டது. அந்தக் குழிகளைக் கண்டு மருந்துக்கு ஓடுபவர்கள் முதலில் நீரை அளந்து பார்க்க வேண்டும்.

சிக்லிட்களுக்குத் தொண்டையில் இன்னொரு ஜோடித் தாடை உண்டு. வாயால் பிடித்ததை அங்கே அரைக்கின்றன. அரைக்கும்போது துணுக்குகள் செவுள் வழியாகப் புகைபோல் வெளியேறுவதைப் பார்க்கலாம். ஆஸ்கர் சாப்பிட்டு முடித்த நீரைப் பார்த்தவர்களுக்கு ஃபில்டரைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். என் தொட்டிக்கு அடியில் நான்கடி சம்ப், அதாவது நீரை வாங்கி வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி, இருக்கிறது. மணிக்கு நாலாயிரம் லிட்டர் என்று குறித்த பம்ப். குழாய் ஏற்றத்தில் அதில் ஒரு பகுதி குறைந்துவிடும், இருந்தாலும் போதுமான சுழற்சி. ஹீட்டர்களையும் சம்ப்பிலேயே வைத்திருக்கிறேன். பெரிய ஆஸ்கர் ஒரு ஹீட்டரை முட்டி உடைக்க அதிக நேரம் ஆகாது.

தொட்டியின் செய்நேர்த்திக்கு வருகிறேன். சிலிகான் இணைப்புகள் ஒரே சீராக, குமிழி இல்லாமல் இருக்கின்றன. விளிம்புகளை மழுக்கித் தேய்த்திருக்கிறார்கள். நீர் மாற்றும்போது முழங்கையை மேல்விளிம்பில் ஊன்றினால் வெட்டுவதில்லை. மேல் விளிம்பைச் சுற்றி உட்புறமாகக் கண்ணாடிப் பட்டை ஒட்டி வலுப்படுத்தியிருக்கிறார்கள். முன் கண்ணாடி நடுவில் புடைக்கிறதா என்று நேர்விளிம்புள்ள சட்டத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் வளைவு இல்லை.

இங்கே ஒரு கணக்கு, அகலத்துக்கு ஆதரவாக. 54 செ.மீ. ஆழமுள்ள நீர் என் முன் கண்ணாடியைத் தள்ளும் விசை சுமார் 263 கிலோ எடைக்குச் சமம். இந்த எண்ணை ஆழமும் கண்ணாடியின் நீளமும்தான் தீர்மானிக்கின்றன. தொட்டியின் அகலத்தை இன்னும் ஓரடி கூட்டினாலும் முன் கண்ணாடியின் மீது ஒரு கிராம்கூட அதிகரிக்காது. உயரத்தைக் கூட்டினால் கதை வேறு: விசை ஆழத்தின் இருமடியாக ஏறும். 54-ஐ 74 ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்குத் தடித்த கண்ணாடி வேண்டும், செலவு ஏறும், கையும் அடிவரை எட்டாது, மீனுக்கும் பெரிய பயன் இல்லை. கூடுதலாக ஓரடி வாங்க முடிந்தவர் அதை அகலத்தில் போடட்டும்.

குறைகளும் இருக்கின்றன. நடுவில் முன்னும் பின்னும் இணைக்கும் குறுக்குக் கண்ணாடி 25 செ.மீ. அகலம். வலிமைக்கு அது தேவை, ஆனால் பெரிய வலையை உள்ளே விட்டு மீனைப் பிடிக்கும்போது சரியாக அங்கேதான் தடுக்கிறது. மூடிகள் ஆறு மி.மீ. கண்ணாடி, இரண்டு துண்டுகள், பிடி இல்லை. ஈரக் கையோடு தூக்கும்போது ஒவ்வொரு முறையும் அச்சமாக இருக்கிறது. பிடியை நானே ஒட்டிக்கொண்டேன். மூடியே வேண்டாம் என்று எண்ணுபவர்களுக்கு: ஆஸ்கர் துள்ளும். தீனி நேரத்தில் மட்டுமல்ல, இரவில் விளக்கைத் திடீரென்று போட்டாலும் துள்ளும். கனமான மூடி அவசியம்.

இன்னொரு விஷயத்தில் செய்பவரோடு வாதாடிப் பெற்றேன். சம்ப்புக்கு நீர் வழியும் பெட்டியைப் பின் கண்ணாடியின் நடுவில் வைப்பதாகச் சொன்னார்கள். பார்க்கச் சமச்சீராக இருக்கும் என்பது அவர்கள் தரப்பு. அந்தப் பெட்டி 20 செ.மீ. முன்னே துருத்தும். இரண்டடி அகலத்தை வாங்கிக்கொண்டு, மீன் அதிகம் திரும்பும் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைப் பெட்டிக்குக் கொடுப்பதா? இடது மூலைக்கு மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். பாறை போல் வடித்த பின்னணித் தட்டுகளும் இதே வகைதான். ஐந்து முதல் பத்து செ.மீ. அகலத்தைத் தின்றுவிடும், அதன் பின்னால் கழிவும் தேங்கும். பின் கண்ணாடியின் வெளிப்புறம் கறுப்புத் தாள் ஒட்டினாலே ஆஸ்கரின் செம்மஞ்சள் நிறம் எடுப்பாகத் தெரிகிறது.

மணல் ஐந்து செ.மீ.-க்குள். பாறைகளை மணலின் மேல் வைக்காமல், அடிக் கண்ணாடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு விரித்து அதன்மேல் வைத்து, பிறகு மணலைப் போட வேண்டும். தோண்டுவது இவற்றின் பிறவிக் குணம். மணல்மேல் நிற்கும் பாறை ஒருநாள் சரிந்தே தீரும். செடிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பிடுங்கிவிடும். விளக்கைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மங்கலாக இருந்தால் மீன்கள் நிம்மதியாக இருக்கின்றன.

எடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொட்டியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல். நீர், மணல், பாறை, இரும்பு ஸ்டாண்டு, சம்ப் எல்லாம் சேர்ந்தால் 900 கிலோ பக்கம் வந்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டரைவிடச் சற்றே பெரிய பரப்பில் இத்தனை பாரம். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் சீராகப் பரவும் பாரத்தை எண்ணி வடிவமைக்கப்படுகின்றன. தரைத்தளம் என்றால் கவலை குறைவு. மாடி என்றால் சுமைதாங்கும் சுவரையொட்டி, உத்திரத்தின் மேல் வருமாறு வைக்க முடியுமா என்று கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணாடியை வெட்டச் சொல்ல வேண்டும். வாசல், படிக்கட்டுத் திருப்பம், மின்தூக்கி ஆகியவற்றையும் அளந்துகொள்ளுங்கள். ஆறடிக் கண்ணாடிப் பெட்டியைச் சாய்த்துத் திருப்ப முடியாத மூலை ஒன்று எல்லா வீடுகளிலும் இருக்கும்.

ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்த்தேன். அடிக் கண்ணாடி நேரே ஸ்டாண்டில் அமரும் வகை என்பதால் இடையே தெர்மோகோல் தாள். முதலில் வெறும் நீர் நிரப்பி, கசிவு பார்த்து, பிறகுதான் மணல். ஃபில்டரில் நுண்ணுயிரிகள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். ஏற்கெனவே ஓடும் தொட்டியின் ஃபில்டர் பஞ்சைக் கொண்டுவந்து போட்டால் விரைவாகும். மீன்கள் அதுவரை நான்கடித் தொட்டியில் இருந்தன. குட்டிகளுக்கு அந்த நான்கடி மிகவும் வசதியானது, தீனி தேடி அலைய வேண்டாம், நோய் வந்தாலும் உடனே கண்ணில் படும். உள்ளங்கை நீளத்தை எட்டுவதற்கு முன்பே இடம் மாற்றிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

வாராந்தர வேலை எளிது என்று சொல்ல மாட்டேன். பாதி நீர் என்றால் 280 லிட்டர். வாளியால் ஆகாது. சைஃபன் குழாயை நேரே வடிகாலுக்கு விட்டு, நிரப்பவும் குழாய் வைத்திருப்பவர்கள்தான் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்வார்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் நீக்கும் மருந்தை நிரப்பும் முன்பே போட வேண்டும், வெப்பநிலையும் 25 முதல் 28 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். இரண்டடி அகலத்தில் பின்மூலையை எட்ட முக்காலி மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது, நீண்ட இடுக்கி ஒன்றும் வேண்டும். அகலத்துக்கு நான் கொடுக்கும் விலை அது, மகிழ்ச்சியோடு கொடுக்கிறேன். பெரிய நீர் மாற்றத்துக்குப் பிறகு சிறிய ஆஸ்கர் மணலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஊடல் காட்டும். முதன்முதலாகப் பார்ப்பவர் செத்துவிட்டது என்றே பதறுவார். சற்று நேரத்தில் எழுந்து தீனிக்கு முகத்தைக் கண்ணாடியில் வைத்துவிடும்.

அக்ரிலிக் தொட்டி வாங்கலாமா என்ற கேள்விக்கு, எடை பாதிக்கும் குறைவு, இணைப்பும் தெளிவு, ஆனால் மணலை வாயில் அள்ளித் துப்பும் மீன்களுக்கு வேண்டாம். கீறல் விழும்.

யாருக்கு எது? தனி ஆஸ்கரோ தனி ஃபிளவர்ஹார்னோ வளர்ப்பவர் நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடி வாங்கலாம். வெளி அளவில் 453 லிட்டர் வரும். அதே பணத்துக்கு ஐந்தடி நீளத்தில் ஒன்றரையடி அகலம் கிடைக்கிறது என்றால் நான் நான்கடியையே எடுப்பேன். இரண்டு ஆஸ்கர்கள், அல்லது ஆஸ்கரோடு அதற்கு ஈடான இன்னொரு சிக்லிட், அல்லது ஃப்ரண்டோசா கூட்டம் என்றால் இந்த ஆறடித் தொட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இனப்பெருக்கத்துக்கு ஜோடி சேர்ந்த மைடாஸ்களுக்கும் இது போதும், நடுவில் போடத் தடுப்பு ஒன்றை மட்டும் தயாராக வைத்திருங்கள். ஜாகுவார் விரும்புபவர்கள் இதை வாங்க வேண்டாம். அதற்காகத்தான் நான் இப்போது அடுத்த தொட்டிக்கு அளவு கொடுத்திருக்கிறேன்: நீளம் எட்டடி, உயரம் அதே இரண்டடி, அகலம் மூன்றடி. நடுக் குறுக்குக் கண்ணாடியை ஒன்றுக்கு இரண்டாக, ஒவ்வொன்றும் 15 செ.மீ.-இல், வலை நுழையும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன், மூடிகளுக்குப் பிடியும்.